கூடிச் செல்வோர் மரியாதை

மரியாதை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்பதும், அவர்முன் குரலைத் தாழ்த்திப் பேசுவதும், தோளிற் கிடந்த சால்வையை இடுப்பிற் கட்டுவதும் மரியாதை எனப்படுகின்றன. ஆயினும் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த அச்சொல்லின் முதற்பொருள் எல்லை என்பதாகும். கடலுக்குக் கரை எல்லை; வயலுக்கு வரம்பு எல்லை. பிறனுக்குரிய இடத்துட் புகாமல் நாம் நின்றுகொள்ளும் எல்லையே மரியாதை. இப்பழம்பொருள் அகராதியில் உறங்கிக் கிடக்க, அதனைச் சிறிதும் வழுவாமற் கைக்கொள்ளும் ஒரு கூட்டத்தார் உலகில் உளர். அவர்கள் குதிரையேறி அணியாகச் செல்வோர். அவர்தம் ஒழுக்கத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

“இது துரைமாரின் பொழுதுபோக்கு, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கும் எமக்கும் இதற்கும் யாது தொடர்பு?” என வாசகர் சிலர் வினவக்கூடும். கொழும்பு மாநகர் குதிரையை அறியாத நகரன்று. காலிமுகத்திடல் ஒருகாலத்திற் குதிரைப் பந்தயக் களமாக விளங்கியது. 1893 ஆம் ஆண்டிற் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அந்த மைதானமே விமான ஓடுபாதையாயிற்று. 1956 இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் கொழும்பிலே பந்தயம் ஓய்ந்தது. இன்று அவ்விடத்தில் றக்பி ஆட்டமும் அங்காடிகளும் உள்ளன. ஆயினும் குதிரை நம்மை விட்டு அகலவில்லை. அரச விழாக்களிற் குதிரைப் பொலிஸார் அணிவகுத்து வருகின்றனர். நுவரெலியாவில் ஏரிக்கரையிலே மட்டக்குதிரைகள் சிறுவரைச் சுமந்து நடக்கின்றன. கொழும்பைச் சூழ்ந்த இடங்களிற் சவாரி பழக்கும் நிலையங்கள் உள்ளன. நம்மவர் பிள்ளைகளும் அங்கே சென்று பழகுகின்றனர். வடக்கிலோ, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து மரபில் வந்த குதிரைகள் நெடுந்தீவின் வெளிகளிற் கட்டின்றித் திரிகின்றன; அவை வாழும் நிலத்தின் ஒரு பகுதி 2015 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தமிழும் குதிரைக்கு அந்நியமன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, அத்துறையில் வந்திறங்கிய பொருள்களைச் சொல்லும்போது, கடல்வழி வந்த புரவியையும் ஈழத்திலிருந்து சென்ற உணவுப் பொருளையும் ஒரே பட்டியலில் வைக்கின்றது. மா, பரி, புரவி, இவுளி எனப் பெயர் பல இட்டு, அதன் நடையை ஐந்து கதியாக வகுத்து, அதன் வீரத்தைக் குதிரைமறம் என ஒரு துறையாக்கிப் பாடியவர் நம் முன்னோர். கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசியின் கதையை மாவிட்டபுரம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. சேணம், கடிவாளம், அங்கவடி, இலாடம் என்று கருவிதோறும் சொல் வைத்திருக்கும் மொழி, சவாரியின் ஒழுக்கத்தைப் பேசுவதற்கு நாணவேண்டியதில்லை.

அவ்வொழுக்கம் எங்கிருந்து பிறந்தது? குதிரையின் இயல்பிலிருந்தே பிறந்தது. குதிரை பிற விலங்குக்கு இரையாகும் இனம். ஓடிப் பிழைத்த பரம்பரையின் அச்சம் அதன் குருதியில் உண்டு. அதன் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலின், ஏறத்தாழச் சுற்றுமுற்றும் அனைத்தையும் அது காணும். வாலுக்கு நேர் பின்னும் நெற்றிக்கு நேர் முன்னும் உள்ள இடங்களே அதற்குத் தெரியாதவை. தெரியாத இடத்திலிருந்து ஒன்று நெருங்கினால், அது நட்போ பகையோ என ஆராய அதற்குப் பொழுதில்லை. காலை வீசி உதைத்துவிடும். பின்னால் வருபவன் நெருங்கிய தோழனாயினும், அவன் காலெலும்பு முறியவும் கூடும். ஆதலால் அணியிற் செல்வோர் முன்குதிரைக்கும் தம் குதிரைக்கும் இடையே குறைந்தது ஒரு குதிரை நீளம் இடம் விடவேண்டும் என்பது முதல் விதி. தன் குதிரையின் இரு செவிகளுக்கு நடுவே நோக்குபவனுக்கு முன்குதிரையின் பின்னங்குளம்புகள் தெரிதல் வேண்டும். தெரியவில்லையெனின் அவன் எல்லை கடந்துவிட்டான் என்பது பொருள். மரியாதையின் முதற்பொருளை இதனினும் தெளிவாக எவ்வாசிரியர் கற்பிப்பார்?

உதைக்கும் குணமுள்ள குதிரையின் வாலிலே சிவப்பு நாடா கட்டுதல் பல நாடுகளில் வழக்கம். அக்குதிரை அணியின் கடையிற் செல்லும். தன் குதிரையின் குறையை மறைத்து நடுவிலே புகுபவன் நல்ல சவாரிக்காரனாகக் கருதப்படுவதில்லை. தன் குறையைத் தானே பிறர்க்கு அறிவித்து, தான் விலகி நிற்றல் அங்கே இழிவன்று, கடமை. இதனை எண்ணுந்தோறும் எமக்கு வியப்புண்டாகின்றது. மனிதர் கூடும் வேறெந்த அவையில் இத்தகைய நேர்மையைக் காண்கின்றோம்?

இனி, குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. முன்னது நின்றால் பின்னது நிற்கும். ஒன்று பாய்ந்தால் அனைத்தும் பாயும். இவ்வியல்பினின்றும் எஞ்சிய விதிகளெல்லாம் கிளைக்கின்றன. வழியறிந்தவர் தலையிலும், அனுபவம் மிக்க மற்றொருவர் கடையிலும் செல்ல, புதியவர்கள் நடுவே செல்வர். தலைவரை எவரும் முந்துவதில்லை. பள்ளமோ, தாழ்ந்த கிளையோ, உடைந்த கண்ணாடியோ வழியில் உண்டெனின், முன்னவர் பின்னவர்க்குச் சொல்ல, அச்சொல் வாய்க்கு வாய் கடைசிவரை செல்லும். விரைந்த நடைக்கு மாறுமுன் அனைவரும் ஆயத்தமா எனத் தலைவர் கேட்பார். ஒருவர் இல்லையென்றாலும் அணி மெல்லவே நடக்கும். சேணவார் தளர்ந்து ஒருவர் இறங்கினால், அவர் மீண்டும் ஏறி அமரும்வரை மற்றவர் நிற்பர். நீர்த்துறையிற் கடைசிக் குதிரை குடித்து முடியும்வரை முதற்குதிரை புறப்படாது. படலையைத் திறந்து வழிவிட்டவர் அதனைச் சாத்திவிட்டு வந்து சேருமுன் எவரும் அகல்வதில்லை. வீதியைக் கடக்கும்போது ஒருங்கே கடப்பர். ஒன்றைத் தனியே அப்புறம் விட்டால் அது கலங்கி, வரும் வாகனத்தின் முன்னும் பாய்ந்துவிடும். ஒருவர் விழுந்தால் அனைவரும் நிற்பர். உதவி செய்கின்றேன் என்று குதிரையை முடுக்கி ஓடுபவன், ஆளிழந்த குதிரையையும் தன்னோடு ஓடச்செய்து துன்பத்தை இரட்டிப்பாக்குவான். தலைக்கவசமின்றி எவரும் ஏறலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விடத்தில் வல்லவனொருவன் வாதிடுவான்: “என் குதிரை என் கைக்கு அடங்கும். அஞ்சுபவர் மெல்ல வரட்டும். என்னை ஏன் அவர்களோடு பிணைக்கின்றீர்கள்?” கேட்பதற்கு இது நியாயம் போலத் தோன்றும். ஆயின் இவ்வாதத்தில் ஒரு பிழை உண்டு. அவன் பாய்ந்தோடிய அக்கணமே, பின்னால் வரும் சிறுமியின் குதிரையும் பாய்கின்றது. அவன் தன் கடிவாளத்தை மட்டும் தளர்த்தவில்லை. அவளது கடிவாளத்தையும் அவள் கையினின்றும் பறித்துவிட்டான். தனியே செல்பவனுக்கு அவன் வேகம் அவனுடையது. கூட்டத்திற் சேர்ந்தபின் எவர்க்கும் தமக்கென்று ஒரு வேகம் இல்லை. ஆதலின் வல்லவன் தன் விரைவைக் காட்டுதற்குரிய இடம் வேறு. இருதுபன்னனுக்குத் தேரோட்டிய நளன், மன்னனின் மேலாடை விழுந்ததைச் சொல்லி முடிக்குமுன் அதனை நெடுந்தொலைவு பின்னே விட்டுச் சென்றான் என்று கதை கூறும். அவ்விரைவும், குதிரையின் உள்ளத்தை அறிந்தவன் தன் பொறுப்பிற் செலுத்திய தேரின் விரைவு. புதியவர் பதின்மர் பின்தொடர வழிகாட்டுபவனாக அவன் இருந்திருப்பின், அவனும் மெல்லவே நடத்தியிருப்பான் என்பதில் எமக்கு ஐயமில்லை. வலியவரின் திறமையை அளக்கும் கோல், மெலியவர் நலமாகத் திரும்பி வருதலே.

சட்டம் இருக்க மரியாதை எதற்கு என்பார்க்கும் ஒரு விடை கூறவேண்டும். சட்டம் அவசியமே. பிரித்தானியாவில் 2022 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வீதி விதிக்கோவை, குதிரையைக் கடந்து செல்லும் வாகனம் மணிக்குப் பத்து மைலுக்கு, அதாவது பதினாறு கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்திற் சென்று, குறைந்தது இரண்டு மீற்றர் இடைவெளி விடவேண்டும் என அறிவுறுத்துகின்றது. இத்தகைய தெளிவான அளவுகள் நம் நாட்டுச் சாரதிகளுக்கும் கற்பிக்கத்தக்கவையே. ஆனால் சட்டம் பெரும்பாலும் விபத்து நேர்ந்த பின்னரே வந்து வினவுகின்றது. ஒலிப்பானில் வைத்த கையை எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் ஓட்டுநருக்கு அருகே நிற்பது சட்டமன்று, பண்பு ஒன்றே. சவாரிக்காரரும் தமக்காக வேகம் தணித்த ஓட்டுநருக்குக் கையசைத்து நன்றி கூறுதல் வேண்டும். நன்றி பெற்றவன் அடுத்த குதிரையைக் கண்டபோதும் வேகம் தணிப்பான்.

கூடிச் செல்லும் ஒழுக்கத்தை நாம் பிறநாட்டாரிடம் கடன்வாங்க வேண்டியதில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தைக் காண்க. கீழைக்கரை வழியே ஊரூராக நடந்து, உகந்தை முருகனை வணங்கி, யானையும் கரடியும் உலாவும் காட்டினூடே அவர்கள் செல்கின்றனர். அங்கே முதியவர் உளர். பிள்ளையைத் தோளிற் சுமந்த தாயர் உளர். காட்டிலே முந்திச் சென்று பெருமை பெறுவார் எவருமில்லை; தனித்தவனுக்கே ஆபத்து. ஒருவரையொருவர் “சாமி” என விளித்து, நீர்நிலை கண்டவிடத்து அனைவரும் ஆறி, மீண்டும் ஒருங்கே எழுகின்றனர். குதிரைச் சவாரியின் விதிகளை எழுதியவர் இவர்களை அறியார். இவர்களும் அவ்விதிகளை அறியார். இருந்தும் இருவரும் கண்ட உண்மை ஒன்றே.

இத்தகைய மரபுடைய நாம் காலி வீதியில் எவ்வாறு நடந்துகொள்கின்றோம்? பெருந்துடுப்பாட்டப் போட்டிக் காலத்திற் கொடியேந்தி மாணவர் செல்லும் துவிச்சக்கர வண்டி ஊர்வலம் இந்நகரின் பழைய மகிழ்ச்சிகளுள் ஒன்று. அதனைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆயினும் அவ்வூர்வலத்தின் தலையிலும் கடையிலும் பொறுப்புள்ள மூத்தவர் இருக்கின்றனரா, கடைசியில் வரும் சிறுவனின் வேகத்துக்கு முதல்வன் தணிகின்றானா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. வெள்ளவத்தைக் கடற்கரை வீதியிலே கூட்டமாக மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞரிடமும் அதே வினாவைக் கேட்கலாம். குதிரைக்கு அச்சமுண்டு, ஆகவே அது நம்மைத் திருத்துகின்றது. இயந்திரத்துக்கு அச்சமில்லை, ஆகவே அங்கே நாமே நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். வகுப்பறையும் ஓர் அணியே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கிச் சிறுவரைப் பந்தயக் குதிரைகளாக்கும் இந்நாளில், முதல்வனை முடுக்குவது எளிது. கடையில் வருபவன் சேணவார் தளர்ந்து நிற்பதைக் கண்டு ஒரு கணம் நிற்பதே அரிது. நீர்த்துறையிற் கடைசிக் குதிரையும் குடிக்கட்டும் என்று காத்திருப்பவரையே மாணவர் வாழ்நாள் முழுதும் ஆசிரியர் என்று நினைவிற்கொள்வர்.

சவாரி நடத்துவோரிடம் எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஏறுமுன் விதிகளை ஒவ்வொருவருக்கும் விளக்குக. அதனை அவரவர் அறிந்த மொழியில் விளக்குக. தமிழ்ச் சிறுவனுக்குத் தமிழிலும் சிங்களச் சிறுவனுக்குச் சிங்களத்திலும் சொல்லப்படாத எச்சரிக்கை, எச்சரிக்கையே அன்று. “நில்”, “மெல்ல”, “பள்ளம்” என்னும் மூன்று சொற்களைக் கற்பிக்க நெடும்பொழுது வேண்டா. இரண்டாவது, வழிகாட்டுவோர் கவனிக்கும் அளவுக்கே ஆட்களைச் சேர்க்க. வருமானம் கருதி அணியை நீட்டுதல் தகாது. மூன்றாவது, சுமக்கும் உயிரையும் கூட்டத்துள் ஒருவராக எண்ணுக. களைத்த குதிரைக்கு நிழலும் நீரும் அளித்தல் கருணை மட்டுமன்று. அதன்மேல் இருக்கும் மனிதனின் பாதுகாப்புமாகும்.

திருவாதவூரர் பொருட்டு இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாய் முன்னே ஏறி மதுரைக்கு நடத்தி வந்த கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். பகலிலே அவை அழகிய பரிகளாய் நின்றன. இரவிலே நரிகளாகி, லாயத்திலிருந்த பழங்குதிரைகளைக் கடித்துக் குதறின. உடையும் தொப்பியும் பாதணியும் எவரையும் சவாரிக்காரர் ஆக்கிவிடும். உடன் வருபவர் தளர்ந்தபோது, எவரும் பாராத வழியில் அவர் என்ன செய்கின்றார் என்பதிலேதான் பரி எது, நரி எது என்பது புலப்படும். கூடிப் புறப்பட்டவர் அனைவரும் கூடியே வீடு திரும்புக.