போன வருஷத்துக் காஸ் எங்கே போயிற்று?

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, மொட்டை மாடியில் வடாம் இடுவது. மற்றொன்று, காரின் ஏ.ஸி.க்குக் காஸ் போடுவது. இட்ட வடாமாவது அடுத்த வருஷம் வரை டின்னில் இருக்கிறது. போட்ட காஸ் தீபாவளி வரைகூடத் தாங்குவதில்லை.

இந்த வருஷம் அந்தச் சடங்குக்கு முன்னாலேயே வினை வந்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பகல் ஒன்றரை மணி வெயிலில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓடுகிற வரையில் சுமாராகக் குளிர்ந்த காற்று, தாம்பரம் நெரிசலில் நின்றதும் அடுப்பங்கரைக் காற்றாக மாறிவிட்டது. பின் ஸீட்டில் இருந்த என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. "தலையைச் சுற்றுகிறாற்போல் இருக்கிறதம்மா" என்றார். திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, உதடு உலர்ந்து போயிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு மருந்துக் கடை நிழலில் உட்கார வைத்து, நனைத்த துண்டால் துடைத்து, மோர் வாங்கிக் கொடுத்தோம். அவர் தெளிவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியை நான் லேசில் மறக்க மாட்டேன். காரில் ஏ.ஸி. என்பது சொகுசு என்று நினைத்திருந்த எனக்கு, வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அது அப்படியல்ல என்று அன்று தெரிந்தது.

வீடு வந்ததும் என் கணவர் ஒரு சபதம் செய்தார். "இனிமேல் ஒர்க் ஷாப்புக்குத் தண்டம் அழப் போவதில்லை. டப்பாவில் காஸ் விற்கிறான். குழாயும் மீட்டரும் கூடவே வருகிறது. நானே போட்டுவிடுகிறேன்!" மூன்றாம் நாள் டப்பாவும் வந்துவிட்டது.

கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அவர் அதைப் பிரிக்கும்போது, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமியார் கேட்டார்: "ஏண்டா, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு தடவைகூடக் காஸ் போட்டதாக எனக்கு ஞாபகமில்லையே! காருக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம்? போன வருஷம் போட்டது எங்கே போச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். டப்பா அலமாரிக்குப் போயிற்று.

சகோதரிகளே, கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏ.ஸி. காஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற வஸ்து அல்ல. கம்ப்ரெஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது வெளிக்காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துவாரத்தின் வழியே புகுந்து, உள்ளே உள்ள எவாபரேட்டரில் ஆவியாகும்போது நம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மறுபடியும் கம்ப்ரெஸருக்கே திரும்புகிறது. செக்கு மாடு போல அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஃப்ரிட்ஜில் குழாய்களைப் பற்ற வைத்து மூடிவிடுகிறார்கள். காரிலோ ரப்பர் குழாய்களும் இணைப்புகளும் உண்டு, ஓயாத அதிர்ச்சியும் உண்டு. ஆகையால் பல வருஷங்களில் துளித் துளியாகக் கசிவது இயல்புதான். ஆனால் வருஷம் தவறாமல் தீர்ந்து போகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே அர்த்தம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தோம் நாங்கள்!

இன்னொன்று: குளிர் வராததற்கெல்லாம் காஸ்தான் காரணம் என்பதும் இல்லை. செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. பானெட்டைத் திறப்பதற்கு முன் முந்தானையைச் செருகி, பின்னலை முடிந்து, சங்கிலியையும் வளையலையும் கழற்றி வையுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போதுகூட மின்விசிறி திடீரென்று சுழலும்.

முதலில், காற்றே குறைவாக வருகிறதா? அப்படியானால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். அநேக வண்டிகளில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அழுக்கேறிக் கறுத்திருந்தால் மாற்றிவிடலாம். பத்து நிமிஷ வேலை.

ஓடும்போது குளிர்ந்து, ஸிக்னலில் நிற்கும்போது சுடுகிறதா? கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை என்பதற்கு அது அடையாளம். சருகோ பாலிதீன் பையோ அடைத்திருக்கலாம். மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் கழுவலாம். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஏ.ஸி.யைப் போட்டதும் முகப்பு மின்விசிறி சுழல்கிறதா என்றும் பாருங்கள். காஸ் குறைந்தாலும் இதே அடையாளம் தோன்றுவது உண்டு.

கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று தேய்ந்து, அணைத்துப் போட்டால் திரும்பவும் வருகிறதா? உள்ளே பனிக்கட்டி பிடிக்கிறது. காலடியில் தண்ணீர் தேங்குகிறதா? வடிகுழாய் அடைபட்டிருக்கிறது. வண்டிக்கு அடியில் தெருவில் சொட்டுகிற தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். அது ஆரோக்கியத்தின் அடையாளம்.

கம்ப்ரெஸர் அடிக்கடி 'டக், டக்' என்று பிடித்துப் பிடித்து விடுகிறதா? அப்போதுதான் காஸ் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரெஸருக்கான எண்ணெய் காஸோடு கலந்தே ஓடுகிறது. ஆகவே காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து, அதன்மேல் புழுதி ஒட்டிப் பிசுபிசுவென்று இருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அங்கே சோப்பு நுரை தடவினால் குமிழி எழும்பிக் காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் வண்டியில் டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தது நான்தான். கண்டென்ஸரின் கீழ் மூலையில் எட்டணா அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. சோப்பு நுரை வைத்தேன். சிறு குமிழிகள் ஒவ்வொன்றாய் வந்தன. ஏதோ ஒரு சரளைக்கல் பட்ட காயம்! மூன்று வருஷமாய்ப் போட்ட காஸ் எல்லாம் ஊசிமுனை அளவுள்ள அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

"சரி, டப்பாவை வைத்து வீட்டில் காஸ் போடவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கசிவு அற்பமாக இருந்து, வண்டி பழையதாகவும் இருந்தால் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது. பானெட்டுக்கு அடியில் எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஆர்-134ஏ என்றிருந்தால் அதுதான். புதிய வண்டிகள் சிலவற்றுக்கு ஆர்-1234ஒய்எஃப். ஒன்றில் மற்றொன்றைக் கலக்கலாகாது. பருத்த குழாயில் உள்ள, 'எல்' என்று குறித்த வாயில்தான் டப்பாவுக்கு உரியது. மெல்லிய குழாயின் 'எச்' வாயில் அழுத்தம் மிக அதிகம்; அதில் மாட்டினால் டப்பா வெடிக்கக்கூடும். ஆர்-134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கையில் பட்டால் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மூடிய ஷெட்டில் கூடாது. அருகில் சிகரெட்டும் கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களை வீட்டில் தொடவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அளவு என்கிற சங்கடம் இருக்கிறது. சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பாதி இருந்தாலும் கால் இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்த்தால்தானே தெரிகிறது? கார் காஸும் அதே ஜாதி. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிறவரை, ஓடாத வண்டியில் மீட்டர் காட்டுகிற அழுத்தம் அன்றைய வெயிலைப் பொறுத்தது. காஸின் அளவைப் பொறுத்ததல்ல. எங்கள் வண்டிச் சீட்டில் 380 கிராம் என்று கண்டிருந்தது. டப்பாவிலோ 450 கிராம்! உள்ளே மிச்சம் இருந்ததோடு அத்தனையையும் ஏற்றியிருந்தால், குளிர் குறைவதோடு கம்ப்ரெஸருக்கும் சேதம் வந்திருக்கும்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். இந்தத் தடவை "காஸ் போடுங்கள்" என்று சொல்லவில்லை. கறையைக் காட்டி, "இங்கே கசிகிறது" என்றோம். மிச்சமிருந்த காஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, கண்டென்ஸரை மாற்றினார். அரை மணி நேரம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றினார். பம்பை நிறுத்திவிட்டு, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு 380 கிராம் நிறுத்து ஏற்றினார். மூன்று வருஷக் காஸ் செலவைவிடச் சற்று அதிகம் ஆயிற்று. ஆனால் அது ஒரு தடவைச் செலவு.

பழைய ஒர்க் ஷாப்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போய் "ஊசி போடுங்கள்" என்று நாமே சொல்வதைப் போல, காஸ் போடச் சொன்னதும் நாங்கள்தான். நோய் இன்னதென்று யாரும் கேட்கவில்லை.

கசிந்த காஸ் நம் பணத்தோடு மட்டும் போவதில்லை. ஓஸோனைக் கெடுத்த பழைய காஸை ஒழிக்க 1987-ல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் வந்த ஆர்-134ஏ ஓஸோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறு வருஷக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது. நாம் குளிர வேண்டும் என்று ஊருக்குச் சூட்டை ஏற்றலாமா?

போன வாரம் காஞ்சிபுரம் போய் வந்தோம். திரும்பும்போது நெரிசலில் இருபது நிமிஷம் நின்றோம். என் கணவர் கண்ணாடி வழியாகப் பின் ஸீட்டைக் கவலையோடு பார்த்தார்.

"குளிர்கிறதடா! அந்தச் சால்வையை எடு" என்றார் மாமியார்.

டப்பா இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி ஒன்றை வாங்கி வந்தால், பிரிப்பதற்கு முன் என் மாமியாரின் கேள்வியை ஒரு தடவை கேட்டு வையுங்கள்.