தோற்பையும் தோல் பையும்

வேலூர் மாவட்டத்தின் மேலைப் பகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் பேரணாம்பட்டு, தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற ஊர். அவ்வூரின் பெயரே இன்று இருவகையாக எழுதப்படுகின்றது. ஒருசாரார் 'பேரணாம்பட்டு' என்கின்றனர். மற்றொரு சாரார் 'பேர்ணாம்பட்டு' என்கின்றனர். ஆங்கிலமோ ஈற்று உகரத்தையும் வெட்டியெறிந்து 'பெர்ணாம்பட்' என நிறுத்திவிட்டது. ஓர் அகரம் போனால் என்ன, ஓர் உகரம் போனால் என்ன, ஊர் இருந்த இடத்தில்தானே இருக்கின்றது என்று கேட்பார் உளர். அங்ஙனம் கேட்போருட் பெரும்பாலார் படித்தவர் என்பதே வருந்தத்தக்கது.

தமிழில் ரகரமெய்யை அடுத்து ணகரம் வாராது. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் நிற்கும் என்பதைத் தொல்காப்பியம் தன் முதல் இயலாகிய நூன்மரபிலேயே வரையறுத்து வைத்துள்ளது. கர்ணன் என்னும் வடபெயரைக் கன்னன் எனத் தமிழ்ப்புலவர் எழுதியது இந்நெறி பற்றியே. வல்லினமெய் சொல்லின் ஈற்றில் நில்லாது என்பதும் அத்தகைய நெறியே. ஆகவே, 'பேர்ணாம்பட்டு' இடையிற் பிழை. 'பெர்ணாம்பட்' இடையிலும் பிழை, கடையிலும் பிழை!

ஊர்ப்பெயரை விட்டுக் கடைத்தெருவிற்கு வருவோமாயின், ஆம்பூர் முதல் பேரணாம்பட்டு வரை 'லெதர்', 'டேனரி', 'ஷூ' என்னும் பலகைகள் வரவேற்கின்றன. பெயர்ப்பலகையில் தமிழ் இருத்தல் வேண்டும் என்று அரசு விதி இருப்பதால் ஆங்கிலச் சொற்கள் தமிழெழுத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவே! லகரமும் டகரமும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா. மூன்றாவது சொல்லின் எழுத்தோ தமிழ் நெடுங்கணக்கிலேயே இல்லை.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. தமிழிலேயே எழுதப்பட்ட பலகையில் 'தோல் பை, தோல் பொருட்கள்' என்றிருக்கின்றது. லகர ஈற்றின்முன் வல்லினம் வருமாயின், வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும். தோற்பை, தோற்பொருள் என்பனவே முறையான வடிவங்கள். தோற்பாவைக் கூத்து என்றும், தோற்கருவி என்றும் இன்றுவரை வழங்குகின்றோமே, அங்கே திரிந்த லகரம் இங்கே ஏன் திரியவில்லை? மாறாக, 'கள்' என்னும் பன்மையீறு சேரும்போது பொருள்கள் என இயல்பாக நிற்க வேண்டிய சொல்லைப் 'பொருட்கள்' எனத் திரிக்கின்றனர். திரியவேண்டிய இடத்தில் திரியாமலும், திரியக்கூடாத இடத்தில் திரிந்தும் நிற்கின்றது படித்தவர் தமிழ்!

எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளியின் வாயிலோ இந்நெறி உயிரோடிருக்கின்றது. 'ரோடு' என்னும் ஆங்கிலச் சொல்லை அவன் எடுத்துக்கொண்டான், அது குற்றமே. ஆனால், எடுத்தபின் 'ரோடில்' என்றா சொல்கின்றான்? நாடு நாட்டில் எனவும், காடு காட்டில் எனவும் ஆவதுபோல 'ரோட்டில்' என்கின்றான். கிழக்கிந்தியக் 'கம்பெனி'யைக் 'கும்பினி' ஆக்கியதும் இத்தகைய நாவே. எந்தப் பள்ளியிலும் குற்றியலுகரப் புணர்ச்சி படியாதவன் அவன்!

இவையெல்லாம் பழம்புலவரின் சொல்விளையாட்டு, இக்காலத் தொழிலுக்கும் அறிவியலுக்கும் ஒவ்வா என்பார்க்கு வடகடல் தீவொன்று விடை கூறுகின்றது. ஐசுலாந்தின் மக்கள்தொகை நான்கு இலக்கத்திற்கும் குறைவு; வேலூர் மாவட்டத்திற் பாதிகூட இல்லை. ஆயினும் அம்மொழியின் ஒலிகளை ஆராய்ந்து, இலத்தீன் எழுத்தை அவற்றுக்கு எங்ஙனம் பொருத்துவது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் நூல் இயற்றினார். பெயர் தெரியாத அவரை 'முதல் இலக்கணி' என்றே மொழிநூலார் சுட்டுவர்.

எண் என்பதற்கு அம்மொழியில் 'தாலா' என்று பெயர். வேற்றுமை ஏற்கும்போது அச்சொல் அப்படியே நில்லாது. ஈற்றில் உகரம் வரும். அவ்வுகரத்தின் ஈர்ப்பால் முன்னின்ற உயிரும் இதழ் குவிந்து திரியும். தமிழெழுத்தில் ஏறத்தாழத் 'தெலு' எனலாம். மரம் மரத்தை எனவும், ஆறு ஆற்றை எனவும் திரிதல் போன்றதே இது. கணிப்பொறிக்குப் பெயர் வேண்டியிருந்தபோது, 1960களில், சிகுர்தூர் நோர்தால் என்னும் அறிஞர் எண்ணைக் குறிக்கும் அச்சொல்லையும், குறிசொல்லும் மூதாட்டியைக் குறிக்கும் 'வெல்வா' என்னும் பழஞ்சொல்லையும் இயைத்துத் 'தெல்வா' என ஆக்கினார். பிறந்த அன்றே அச்சொல் வேற்றுமையெல்லாம் ஏற்றது, மக்களும் ஏற்றனர்.

போர்க்காலத்தில் வந்திறங்கிய 'சீப்' வண்டியைக்கூட வந்தபடியே அவர்கள் விடவில்லை. 'யெப்பி' ஆக்கி, வேற்றுமையில் 'யெப்பா' எனத் திரித்துக்கொண்டனர். தமிழ்ச் சிற்றூரார் அதே வண்டிக்கு உகரம் கூட்டிச் 'சீப்பு' என்றபோது மட்டும் பட்டணத்தார் நகைத்தனர். (தலைவாரும் சீப்போடு மயங்கும் என்பது வேறு செய்தி.) குழந்தைகளின் பெயர்களை ஆய்ந்து ஒப்புதலளிக்க அந்நாட்டில் 1991ஆம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. புதுப்பெயரொன்று அம்மொழியின் வேற்றுமையீற்றை ஏற்குமா, அம்மொழியின் அமைப்போடு மோதாதா என்று அக்குழு பார்க்கும். இங்கோ, ஷகரமும் ஹகரமும் இல்லாப் பெயர் நாகரிகமற்றதென்று தமிழ்ப் பெற்றோரே கருதுகின்றனர்!

தனித்தமிழன்பர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அயற்சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை வைத்துவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவாருளர். 'லெதர் பேக்' என்பதை நீக்கித் 'தோல் பை' என்றெழுதுவது பாதிப் பணியே. சொல் தமிழாகிவிட்டது, சேர்க்கை இன்னும் ஆகவில்லை. கலைச்சொல் ஆக்குவோரும் ஒரு சொல்லை அச்சேற்றுமுன் அதனோடு ஐ, கு, இல் என்பவற்றைச் சேர்த்தும், வல்லினத்தில் தொடங்கும் சொல்லொன்றை அடுத்து வைத்தும், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். நாவிற்கு இடறும் சொல் ஏட்டிலேயே கிடந்து மட்கும்.

பேரணாம்பட்டில் கடைப்பலகைகள் வெயிலிலும் மழையிலும் வெளுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் எழுதப்படத்தான் செய்கின்றன. அடுத்தமுறை எழுதும்போது ஊர்ப்பெயரில் ஓர் அகரத்தைக் கூட்டுவதற்கும், 'தோல் பை'யின் லகரத்தை றகரமாக்குவதற்கும் ஓவியர் கூடுதற் கூலி கேட்கப் போவதில்லை. எழுதித் தருவார்தாம் வேண்டும். அவ்வூர்த் தமிழாசிரியர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவிற்குச் செல்வார்களாக!