அழையாது நுழையும் விளம்பரமும் அடைக்க வேண்டிய வாயிலும்

ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 தொடங்கிச் சூன் 14 முடிய 61 நாள், நம் கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்வதில்லை. மீனினம் பெருகுதற்கென விதிக்கப்பெற்ற தடை அது. அந்நாள்களில் இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் கரையோரம் நடந்து பார்ப்பவர் அறிவர்: வலையின் கிழிசல் பொத்துவோர் சிலர், படகைச் செப்பனிட்டு வண்ணம் பூசுவோர் சிலர், எஞ்சிய இளைஞர் நிழல் கண்ட இடத்தில் அமர்ந்து கைப்பேசியை நோக்கிக் கொண்டிருப்பர். நோக்குதல் குற்றமன்று. காற்றின் விரைவையும் கடலின் நிலையையும் அதிலேயே பார்க்கின்றனர். பிள்ளையின் தேர்வு முடிவும் அதிலேயே வருகின்றது. ஆனால், அவர்கள் கேட்டது வருமுன் கேளாத ஒன்று குறுக்கே வந்து நிற்கின்றது. ‘ஆடுக, வெல்க, இன்றே பணம் பெறுக’ என்னும் அழைப்பு அது. வருவாய் நின்று, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு திங்களில் அவ்வழைப்பு எவர் செவியில் எங்ஙனம் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். பெயர் வேண்டா. வலை வாங்குதற்கென்று அவன் தந்தை ஒதுக்கி வைத்திருந்த தொகையை ஒரே கிழமையில் சீட்டாட்டச் செயலி ஒன்றில் தொலைத்துவிட்டு, வீட்டுக்குப் போக அஞ்சி, என் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தான். இந்த ஆட்டத்தை உனக்குக் காட்டிக் கொடுத்தவன் யாரடா என்று வினவினேன். “யாரும் சொல்லிக் குடுக்கலைய்யா, பாட்டுக் கேக்கயில அதுவா வந்துச்சு” என்றான். ஐந்தாண்டு அவனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவன் யான். அவன் கைக்குள் ‘அதுவாக வந்தது’ எதுவென்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தேனில்லை.

சட்டம் இல்லையா எனில், இருக்கின்றது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் அதனை வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி விடுத்தார். மன்றம் மீண்டும் நிறைவேற்றிய பின்னரே ஏப்பிரலில் ஒப்புதல் கிட்டியது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் வழக்குமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டே, இரம்மியையும் போக்கரையும் குருட்டுவாய்ப்பு ஆட்டங்கள் எனப் பட்டியலிட்ட அட்டவணையை மட்டும் நீக்கிவிட்டது. பின்னர் ஒன்றிய அரசு பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களையே தடுக்கும் சட்டமொன்றை இயற்ற, 2025 ஆகசுட்டு 22-இல் குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். அத்தகைய ஆட்டத்துக்கு விளம்பரம் செய்வோர்க்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 இலக்கம் உருபா வரை தண்டமும் விதிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகின்றது. உள்நாட்டுப் பெருநிறுவனங்கள் சில கடையைச் சாத்தின. கடல்கடந்த நாடுகளில் பெயரைப் பதிந்து கொண்டவையோ, இன்று ஒரு பெயர், நாளை ஒரு பெயர் என்று உருமாறி வருகின்றன. சட்டம் தொடர்வண்டியில் வருகின்றது. விளம்பரம் காற்றில் வருகின்றது. ஆகவே வீட்டுக்காரன் தன் வாயிலைத் தானே காத்தல் வேண்டும் என்பது என் துணிபு. அதற்கு வழி உண்டு என்பதனால்தான் இதனை எழுதப் புகுந்தேன்.

இணையத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் உண்மையான முகவரி எண்களால் ஆயது. மாந்தர்க்கு எண்கள் நினைவில் நில்லா, பெயரே நிற்கும். எனவே பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் பெயரேடு ஒன்று வேண்டும். 1983-இல் பால் மொக்கபெட்ரிசு என்னும் அமெரிக்க அறிஞர் அதற்கான முறையை வகுத்தார். இன்றளவும் உலகம் அம்முறையாலேயே இயங்குகின்றது. இராமேசுவரம் நிலையத்தில் இறங்கிய வெளியூரார், இன்னார் வீடு எங்கே என்று கேட்க, அங்குள்ளார் தெருவும் எண்ணும் சொல்லுதல் போன்றது இது. நம் கைப்பேசி ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கும்போது அச்செய்தித்தாளின் பெயரை மட்டும் கேட்பதில்லை. அப்பக்கத்தில் இடம் விலைக்கு வாங்கிய விளம்பரக்காரர், நம்மைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் ஒற்றர் என்று பத்து இருபது பெயர்களையும் உடன் கேட்கின்றது. விடை சொல்பவன் நம் ஆளாக இருந்து, அவ்விருபது பெயர்க்கும் ‘அப்படி ஒரு வீடே இல்லை’ என்று சொல்லிவிட்டால்? கைப்பேசி அங்கே போகாது. விளம்பரம் வாராது, அதற்காகச் செலவாகும் நம் தரவும் மிஞ்சும். இவ்வளவே இதன் நுட்பம்.

என் தம்பி மகன் பல்தொழில் பயிலகத்தில் படித்தவன். கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் இதனைச் செய்து காட்டினான். இராசுபெரி பை என்றொரு சிறு கணிப்பொறி இருக்கின்றது. 2012-இல் பிரித்தானியாவில் மாணவர்க்கென்று வெளியிடப்பெற்றது. உள்ளங்கை அளவே இருக்கும். அதில் பை-ஓல் என்னும் மென்பொருளை ஏற்றினான். யாக்கோபு சால்மெலா என்னும் அமெரிக்கர் பத்தாண்டுகட்கு முன்னர்த் தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது, விலை இல்லை. அட்கார்டு ஓம் என்று மற்றொன்றும் உண்டு. பழைய கணிப்பொறி பரணில் கிடந்தால் அதுவே போதும். பின்னர், மக்கள் ‘வைஃபை பெட்டி’ என்றும் ‘மோடம்’ என்றும் வழங்கும் திசைவியின் அமைப்புக்குள் சென்று, இனிப் பெயர் கேட்போர் அனைவரும் இச்சிறு பெட்டியையே கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தான். அன்றிலிருந்து வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி அனைத்தும் அதன் காவலுக்குள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கேட்கப்பெற்ற பெயர்களை அப்பெட்டி வரிசையாக எழுதிக் காட்டுகின்றது. அதனை முதன்முறை படித்த இரவை யான் மறவேன். வீட்டார் உறங்கிய பின்னரும் தொலைக்காட்சி உறங்கவில்லை. அணைத்துவிட்டோம் என்று நாம் எண்ணிய பெட்டி, யாம் கேட்டறியாத பெயர்களை நள்ளிரவில் மீண்டும் மீண்டும் அழைத்துக் கொண்டிருந்தது. கூடத்தில் அமர்த்தி வைத்த பெட்டி என்ன பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று அயலானுக்கு ஓலை போக்குமாயின் அதனை என்னென்பது? ஒற்று என்பதை அரசியலில் வைத்தான் வள்ளுவன். அடுக்களைக்கு அடுத்த அறையில் வைக்கவில்லை.

நம் கடற்கரையில் திசைவி உள்ள வீடுகள் எத்தனை என்று கேட்பீர்கள். கீழக்கரை, தொண்டி போலும் ஊர்களில் உண்டு. மீனவர் குடியிருப்புகளில் குறைவே; கைப்பேசித் தரவு ஒன்றே அங்கு வழி. அவர்க்கும் ஒரு வழி இருக்கின்றது. 2018-இல் வந்த ஆண்டிராய்டு ஒன்பதாம் பதிப்பு முதலாகக் கைப்பேசியின் அமைப்புகளில், இணைப்பு என்னும் பிரிவில், ‘தனிப்பட்ட டி.என்.எசு.’ என்றொரு வரி இருக்கும். விளம்பரத்தை வடித்து விடைசொல்லும் பொதுப் பெயர்வழங்கி ஒன்றின் பெயரை அவ்விடத்தில் எழுதினால் போதும். செலவில்லை, இரண்டு நிமையப் பணி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்ஙனம் செய்கையில், நாம் எங்கெங்குச் செல்கின்றோம் என்பதை அவ்வழங்கியை நடத்தும் வேற்று நாட்டு நிறுவனம் அறியும். ஓர் ஒற்றனை விலக்க மற்றொருவனை வாயிற்காவலனாக வைத்தது போன்றது. நம்பத்தக்கவனா என்று பார்த்து வைக்க வேண்டும். வீட்டில் சொந்தப் பெட்டி வைப்பதே மேல் என்பேன். அப்பெட்டியையே இடையாள் இன்றி வேர் வழங்கிகளிடம் நேரே கேட்டறியுமாறு அமைக்கவும் இயலும்.

இது எல்லாவற்றையும் தடுக்கும் என்று யான் சொல்லேன். யூடியூபில் படமும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் பெயரைக் கொண்டு பிரிக்க முடிவதில்லை. வீட்டு அமைப்பை மதியாமல் தமக்கென்று வேறு வழியில் பெயர் கேட்டுக்கொள்ளும் செயலிகளும் உள்ளன. சிலபோது வேண்டியதும் தடைப்படும். எங்கள் வீட்டில் ஒருநாள், கட்டணம் செலுத்தும் பக்கமொன்று திறக்கவே மறுத்தது. என் துணைவியார் அன்று என்னையும் என் தம்பி மகனையும் பெட்டியையும் ஒருசேர வாழ்த்திய சொற்களுள் ஒன்றேனும் வடசொல் இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. தடைப்பட்ட பெயரை விலக்குப் பட்டியலில் சேர்த்தபின் சரியாயிற்று.

வலையின் கண்ணளவு போன்றதுதான் இது. மிக நெருங்கினால் குஞ்சும் சிக்கும். மிக விரிந்தால் மீனும் தப்பும். இதனை நம் மீனவர்க்கு யான் விளக்க வேண்டியதில்லை.

இவ்விளம்பரங்களின் தமிழைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதினால் சினமே மிகும். வினைமுற்று மட்டும் தமிழாய், ஏனைய அனைத்தும் ஆங்கிலமாய்த் தொங்கும் அத்தொடர்களைப் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையேட்டில் எழுதுகின்றனர். ‘தள்ளுபடி’ எனின் விழிக்கும் பிள்ளை ‘ஆஃபர்’ எனின் சிரிக்கின்றது. நாளும் பன்முறை செவியில் விழுவதே மொழியாகின்றது. ஆசிரியன் ஒருமுறை சொல்வதை விளம்பரம் நூறுமுறை மாற்றிச் சொல்லுமாயின் வெல்பவன் யார்?

பொருளிழப்பும் சிறிதன்று. 2025 ஏப்பிரலில் ஒன்றிய உள்துறையின் இணையக் குற்றத் தடுப்பு நடுவம், கேதார்நாத்து, சோம்நாத்து முதலிய இடங்கட்குச் செல்வோரைப் போலி முன்பதிவுப் பக்கங்களும், தேடுபொறியில் பணம் கொடுத்து வைத்த விளம்பரங்களும் ஏய்க்கின்றன என்று எச்சரித்தது. வழிபடுவோர் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் இராமேசுவரத்தார் அதனைத் தமக்கும் சொன்னதாகவே கொள்ளல் வேண்டும். ஏமாந்தோர் அழைக்க வேண்டிய எண் 1930. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையே 2022 திசம்பரில், தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று தன் மக்கட்கு அறிவுறுத்திற்று. காவல் துறையே பரிந்துரைக்கும் ஒன்றைக் கள்ளத்தனம் என்பார் உளர்.

அவர்கள் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கின்றது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. விளம்பர வருவாயால் வாழும் தமிழ்த் தளங்கள் உள்ளன. சிறு இதழ்கள் உள்ளன. எல்லாவற்றையும் அடைத்தால் அவையும் பட்டினி கிடக்குமே என்பர். எண்ணிப் பார்த்தேன். அச்சிதழில் கருப்புக்கட்டிக் கடைக்காரர் தரும் விளம்பரத்தை யான் எதிர்க்கவில்லை, விரும்பியே படிக்கின்றேன். ஏனெனில் அது என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. யான் யார், எதனைத் தேடினேன், எந்நேரம் உறக்கமின்றி இருந்தேன் என்று அது குறித்து வைத்து விற்பதில்லை. இணையத்திலும் அத்தகைய நேர்மையான விளம்பரத்தை ஒரு தளம் தானே தன் பக்கத்தில் இட்டால் இவ்வடிகட்டி பெரும்பாலும் அதனைத் தொடுவதும் இல்லை. ஏனையோர்க்கு, நாம் விரும்பும் தமிழ்த் தளத்தின் பெயரை விலக்குப் பட்டியலில் எழுதலாம்; அதனினும் நன்று கட்டணம் அனுப்புதல். விளம்பரத்தை மட்டும் அடைத்துவிட்டுக் கட்டணமும் அனுப்பாதவன் கையில் இக்கட்டுரை கிடைத்ததற்கு வருந்துகின்றேன்.

பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைச் சட்டமே விலக்குகின்றது. 2023-இல் இயற்றப்பெற்ற தரவுக் காப்புச் சட்டம், 18 அகவை நிரம்பாதோரைப் பின்தொடர்தலும் அவரை நோக்கி விளம்பரம் தொடுத்தலும் கூடா என்கின்றது. நன்று. ஆனால் தந்தையின் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் பிள்ளையைப் பிள்ளை என்று எந்நிறுவனம் அறியும்?

மற்றொன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்படி ஒன்றிய அரசு தனக்கு வேண்டாத பக்கங்களை நாடு முழுதும் அடைக்கின்றது. அவ்வாணையை நிறைவேற்ற இணைப்பு நிறுவனங்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, மேலே சொன்ன இதே பெயர்மறுப்புத்தான். நாம் காண விரும்புவதைத் தில்லி அடைக்க உதவும் கருவி, நாம் காண விரும்பாததை நம் வீட்டில் அடைக்கவும் உதவும். முன்னதைப் பல்லாண்டாகப் பொறுத்துக் கொண்டிருப்போர் பின்னதைச் செய்யத் தயங்குவானேன்? பெயரேட்டிலும் நம் நிலை என்ன? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகியவற்றின் பெயர்கள் தமிழ் எழுத்தில் அதில் ஏறியுள்ளன. தமிழ்நாடு என்னும் பெயர் ஏறவில்லை.

இனிச் செய்ய வேண்டியது ஒன்று. இவ்வடிகட்டிகள் பயன்படுத்தும் பட்டியல்கள் பெரும்பாலும் மேலைநாட்டார் தொகுத்தவை. தமிழில் பேசி வரும் சூதாட்டமும், ஐந்து நிமையத்தில் கடன் என்று வந்து பின்னர் மானத்தை வாங்கும் செயலிகளும் அவற்றில் முழுமையாக இடம்பெறா. அவற்றைத் தொகுக்க வேண்டியவர் நாமே. சேதுபதி மரபில் வந்த பாண்டித்துரையார் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, அழிய இருந்த ஏடுகளைத் தேடித் தொகுப்பதும் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. அழிக்க வேண்டிய பெயர்களைத் தொகுக்கும் நிலைக்கு அவர் மண்ணினராகிய நாம் வந்திருக்கின்றோம். நகைப்புக்கு இடமாயினும் செய்யத்தக்கதே. கணிப்பொறி அறிந்த தோழர்கள் பட்டியலைத் தொடங்கட்டும். தமிழில் தெளிவான கையேடு ஒன்றையும் எழுதட்டும். மொழிநடையைத் திருத்தித் தருவது என் பொறுப்பு.

எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் இவ்வமைப்பைச் செய்ய முனைந்தோம். மூன்றில் முடிந்தது. நான்காம் வீட்டில் திசைவியின் கடவுச்சொல் எவர்க்கும் தெரியவில்லை. அதனை அமைத்துச் சென்ற ஆளைத் தேடிக் கொண்டிருக்கின்றோம். தடைநாள் தொடங்குமுன் பாம்பனில் உள்ள என் பழைய மாணவன் வீட்டுக்கும் செல்ல வேண்டும். அங்குத் திசைவி இல்லை, கைப்பேசி ஐந்து.