வாசகர் கேள்வி: வரப்போரத் தழை முயலுக்கு ஆகுமா?

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் பிள்ளைகளின் ஆசைக்காக இரண்டு முயல்கள் வளர்த்தார்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் மகள்தான் தினமும் புல் அறுத்து வந்து போடுவாள். நான்கு நாள் குடும்பத்தோடு விசேஷத்துக்குப் போனபோது, பக்கத்து வீட்டார் தவிடும் கம்பும் மட்டும் வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்த அன்று நல்ல மழை. மகள் ஆசையோடு ஒரு கூடை இளந்தழையைப் பறித்து அப்படியே போட்டாள். மறுநாள் காலை ஒரு முயல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை. வயிறு உப்பி, மாலைக்குள் இறந்துவிட்டது.

"தழை போட்டுக் கொன்றுவிட்டேன் என்று அழுகிறாள். மீதமிருக்கும் முயலுக்குக் கடைத் தீவனம் மட்டும் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?" என்பது கேள்வி.

தழை மட்டும் காரணமல்ல

இறந்த முயலை அறுத்துப் பார்க்காமல் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தில் சொல்லியிருக்கும் அறிகுறிகள், குடல் இயக்கம் நின்றுபோனதற்குப் பொருந்துகின்றன. முயல் ஆடு மாடு போல அசைபோடும் பிராணி அல்ல. அதன் தீனி பெருங்குடலை ஒட்டிய பையில் நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்கிறது. அங்கிருந்து மிருதுவாக வரும் புழுக்கையை முயல் மறுபடி தின்று சத்தெடுத்துக்கொள்ளும். இது நோயல்ல, இயல்பு.

இந்தக் குடல் ஓடிக்கொண்டே இருக்க நீளமான நார் வேண்டும். நான்கு நாள் புல்லே இல்லாமல் தவிடும் தானியமும் தின்றதால் குடல் மந்தமாகியிருக்கும். அதன்மேல் திடீரென ஈரமான இளந்தழை ஒரு கூடை விழுந்ததும் வாயு கட்டியிருக்கலாம். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே கோளாறு தொடங்கியது அந்த நான்கு நாட்களில்தான். பழி அந்தப் பிள்ளையுடையது அல்ல. இதை அவளிடம் பெரியவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பசுந்தீவனத்தை நிறுத்தக் கூடாது

கடைத் தீவனம் மட்டும் போடுவது சரியான வழி அல்ல. முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. புல்லை மென்று அரைத்தால்தான் தேயும். இரண்டு கிலோ எடையுள்ள வளர்ந்த முயலுக்கு அறுகம்புல், கொழுக்கட்டைப்புல் போன்றவை பச்சையாகவோ நிழலில் உலர்த்தியோ எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். இலைதழை தினம் இரண்டு கைப்பிடி போதும். அடர்தீவனம் 50 கிராமைத் தாண்ட வேண்டாம்.

வரப்பில் கிடைப்பவற்றில் கானாவாழை, மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு ஆகியவற்றைக் கொடுக்கலாம். சர்க்கரைவள்ளிக் கொடி, மல்பெரி இலை, கல்யாண முருங்கை இலையும் நல்லவை. அகத்தி, குதிரைமசால் இரண்டிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்பதால் வளர்ந்த முயலுக்கு அளவோடு போதும். புதிய தழை எதுவானாலும் முதல் நாள் ஓரிரு இலை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்கு வர வேண்டும்.

தொடவே கூடாதவை

எருக்கு, அரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகியவற்றை விலக்க வேண்டும். நெய்வேலி காட்டாமணக்கின் பூ, சர்க்கரைவள்ளிப் பூவைப் போலவே இருக்கும். பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாது. குப்பைமேனியும் முயலுக்கு நஞ்சு. சவுண்டல் இலை தொடர்ந்து தின்றால் முடி கொட்டும். ராசிபுரம் பகுதியில் மரவள்ளி அதிகம். அதன் பச்சை இலையிலும் இளஞ்சோளப் பயிரிலும் சயனைடு நஞ்சு உண்டாகும் என்பது ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். முயலுக்கும் அது ஆகாது.

செடி நல்லதாக இருந்தாலும் இடம் நல்லதாக இருக்க வேண்டும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த காட்டின் வரப்பு, சாலையோரம், நாய்கள் நடமாடும் இடம் ஆகியவற்றில் பறிக்கக் கூடாது. பக்கத்துக் காட்டுக்காரரிடம் மருந்தடித்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மழையிலும் பனியிலும் நனைந்த தழையை நிழலில் பரப்பி, ஈரம் போனபின் கொடுக்க வேண்டும். குவித்து வைத்துச் சூடேறிய தழையும் பூஞ்சணம் பிடித்ததும் கூடாது. கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால் புழுக்கையும் மூத்திரமும் படாது. ரத்தக்கழிச்சல் பரவுவதும் குறையும். வெயில் காலத்தில் அதிகாலையிலும் மாலையிலும் தீனி வைப்பது நல்லது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

வீட்டோரத்தில் ஒரு பாத்தி

பத்துக்குப் பத்து அடி இடம் இருந்தால் வேலிமசால் விதைக்கலாம். விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய, சுமார் 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கைந்து நிமிடம் போட்டு, பிறகு பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும். முதல் அறுப்பு 90 நாளில், அதன்பின் 40 நாளுக்கு ஒருமுறை. பாத்தியை ஆறு பட்டையாகப் பிரித்து வாரம் ஒரு பட்டை அறுத்தால் தழை தொடர்ந்து கிடைக்கும். பாத்தியின் ஓரத்தில் அறுகம்புல்லுக்கும் இடம் விடலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையில் விதை பற்றி விசாரிக்கலாம்.

அரை நாள்தான் கெடு

முயல் அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ராசிபுரம் பகுதியினருக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. வெளியூர் போகும்போது உலர்ந்த புல்லைக் கட்டிவைத்து, "புல் தீரக் கூடாது, தவிடு வேண்டாம்" என்று பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது முக்கியம்.

மீதமிருக்கும் முயலுக்குப் புல் அறுக்கும் வேலையை அந்த மகளிடமே திரும்பக் கொடுக்கலாம். முதல் சில நாள் அம்மாவும் கூடப் போய், எது ஆகும், எது ஆகாது என்று செடியைக் காட்டிக் கொடுத்தால் போதும். பிறகு அவளே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.