கண்கண்ட சாட்சி

மோசடியிற் பொருளிழந்தோரைப் பேராசைக்காரரென்று இகழ்வது நம்மவர் வழக்கம். எமக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை. 1920-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவன், அயல்நாட்டுத் தபால் கூப்பன் வியாபாரத்தால் 45 நாளில் நூற்றுக்கு 50 வீதம் லாபந் தருவதாகக் கூறிப் பணந் திரட்டினான். முதலில் வந்தோர்க்குச் சொன்ன தவணையிற் சொன்னபடியே கொடுத்தும் வந்தான். கொடுத்ததோ பின்வந்தோர் இட்ட பணம். பெற்றவர் பொய்யுரைத்தாரல்லர்; தம் கையிற் கண்டதையே சுற்றத்தார்க்குச் சொன்னார். ஆதலின் ஆயிரக்கணக்கானோர் நம்பியது போன்சியை அன்று. தம் தமையனையும் அயலானையுமே. அத்தனை பணத்துக்கு ஈடான கூப்பன்கள் உலகிற் புழக்கத்திலேயே இல்லையென்று கணக்கறிந்தார் எடுத்துக் காட்டினர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவன் கைதியானான்.

இன்று அச்சாட்சி நம் மாணவர் விடுதிக்கும் கைபேசி வழியே வருகிறான். ‘எனக்கு வந்தது பார்’ என்னும் தோழனை ‘வந்ததா?’ என்று வினவுதல் வீண்; வந்திருக்கும். ‘எத்தொழிலிலிருந்து வந்தது?’ என்றே வினவுதல் வேண்டும். ‘இன்னும் இருவரைச் சேர்த்துவிடு’ என்பதே விடையாயின், அங்கே தொழில் யாதுமில்லை. அத்தகைய பணச்சுழற்சித் திட்டங்களை நடத்துவோரை மாத்திரமன்றி, அவற்றில் உறுப்பினராய்ச் சேர்வோரையும் 1978-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தண்டனைக்குரியோராக்குகிறது. பொய்யே சொல்லாத தோழனும் அதற்கு விலக்கல்லன்.