உன்னிச்சைக் குளத்து நீர் யாருக்கு?

மின்சாரம் வேண்டாமென்று எவரும் கூறார். ஆனால் மின்தொழிலுக்குக் குழாய்வழி நீர் என்ற பேச்சு எழுமிடத்து, எந்தக் குளத்து நீர் என்று கேட்க உழவனுக்கு உரிமையுண்டு.

கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை நிலையம் 1963 முதல் மின்சாரம் தருகின்றது. அது நீரைக் குடிப்பதில்லை. பொறியைச் சுழற்றிய நீர் வயலுக்கே செல்கின்றது. வயலுக்கு நீர் விடும் காலத்தை அனுசரித்தே பொறிகளும் ஓடுகின்றன. அனல்மின் நிலையத்தின் கதை வேறு. குளிர்கோபுரத்தில் ஊற்றிய நன்னீர் பெரும்பாலும் ஆவியாய்ப் போய்விடும், வாய்க்காலுக்குத் திரும்பாது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஆயினும் உவர்நீர். எனவே குழாய் போடுவோரின் கண் உன்னிச்சைக் குளத்திலேதான் விழும். அக்குளமோ படுவான்கரை வயல்களையும் காத்து, நகரத்தின் தாகத்தையும் தீர்க்கின்றது. மூன்றாவது பங்காளிக்கு அங்கே இடமேது?

நுரைச்சோலை அனல்மின் நிலையம் கடல்நீராலேயே குளிர்கின்றது. 2016இல் கைவிடப்பட்ட சம்பூர்த் திட்டமும் கடலோரத்தையே நாடிற்று. கடல் பக்கத்திலிருக்கக் குளத்தில் கைவைப்பானேன்? கடலில் விடும் வெந்நீரால் மீனவருக்கு நேரும் கேடும் முன்னரே ஆராயப்படல் வேண்டும். அது தனி வழக்கு.

எத்திட்டம் வரினும், சிறுபோகத்துக்குரிய நீரின் அளவைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் உழவர் முன்னிலையில் எழுத்தில் உறுதிசெய்த பின்னரே குழாயைப் பற்றிப் பேச வருமாறு அதிகாரிகளைக் கேட்கின்றோம்.