பதினைந்து பாகம் கட்டின கோபுரத்தைக் கடைசி பாகத்தில் இடிச்சிட்டாங்க!

வழக்கமா நான் இங்கே அன்னதானக் கணக்கும், கோயில் சுத்தம் பண்ண ஆள் வேணும்னு அறிவிப்பும்தான் போடுவேன். இன்னிக்கு ஒரு கொரிய நாடகத்தைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு மடப்பள்ளியில அண்டா கழுவும்போது ஆரம்பிச்ச சண்டை இது. "முடிவு நல்லாத்தானே இருக்கு, தத்துவம் இருக்குண்ணே"ன்னு ஒரு தங்கச்சி சொன்னாங்க. அங்கே பதில் சொல்ல நேரம் இல்லை. இங்கே சொல்றேன்.

நாடகம் "ரீபார்ன் ரிச்". 2022 நவம்பர்ல தொடங்கி கிறிஸ்துமஸ் அன்னிக்கு முடிஞ்சது, மொத்தம் 16 பாகம். என் மகள் சொல்லி நான் இப்பத்தான் பார்த்தேன். இன்னும் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்குங்க, முடிவைச் சொல்லப் போறேன்.

கதை இதுதான். யூன் ஹியூன்-ஊ ஒரு தொழிலாளியோட மகன். அப்பா அஜின் மோட்டார்ஸ்ல வேலை செஞ்சவர். சூன்யாங்ங்கிற பெரிய குழுமம் அந்தக் கம்பெனியை வாங்கினதும் அவருக்கு வேலை போகுது. அம்மாவும் போய்ச் சேர்ந்துடறாங்க. மகன் அதே சூன்யாங் குடும்பத்துக்கு எடுபிடியா உழைக்கிறான். கடைசியில அவங்களே அவனைச் சுட்டுத் தள்ளிடறாங்க. கண் முழிச்சா 1987. அந்தக் குடும்பத்தோட கடைசிப் பேரன் ஜின் டோ-ஜுனாப் பிறந்திருக்கான். எதிர்காலம் எல்லாம் ஞாபகம் இருக்கு. அந்த வருஷ அதிபர் தேர்தல்ல யார் ஜெயிப்பாங்கன்னு தாத்தாவுக்குச் சொல்றான். வெடிக்கப் போற கே.ஏ.எல். 858 விமானத்துல இருந்து அவரைக் காப்பாத்தறான். பரிசா என்ன வேணும்னு கேட்டா, புண்டாங்ல நிலம் கேக்கறான். அப்பவே நான் நிமிர்ந்து உக்காந்துட்டேன்.

தாத்தா ஜின் யாங்-சுலா நடிச்ச லீ சுங்-மின்னுக்குக் கோயில்ல மாலையே போடலாம். கொடுமைக்காரர்தான், ஆனாலும் அவர் சாகும்போது என் கண் கலங்குச்சு. அவரையே எதிர்த்து நின்னு, தாயம் உருட்டற மாதிரி ஒவ்வொரு கட்டமா அந்தப் பையன் ஏறி வர்றான். பதினைந்து பாகம். 2002 உலகக் கோப்பையை வச்சு காரை விக்கற இடமெல்லாம் பார்த்துட்டு, அடுத்த நாள் வேலைக்குப் போய் பையன்களுக்குக் கதையா சொன்னேன்.

கடைசி பாகத்துல என்ன செஞ்சாங்க? லாரி மோதுது. டோ-ஜுன் சாகறான். ஹியூன்-ஊ ஆஸ்பத்திரியில கண் முழிக்கிறான். ஒரு வாரம்தான் ஆகியிருக்கு. அத்தனை வருஷ வாழ்க்கையும் புகை! உண்மையான டோ-ஜுன் எப்பவோ கொல்லப்பட்டாச்சு. அந்தக் கொலைக்கு ஹியூன்-ஊவே தெரியாம ஒரு கருவியா இருந்திருக்கான், அப்புறம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான். இதுக்கு ஒரு பேரும் வச்சாங்க. மறுபிறவி இல்லையாம், காலப்பயணம் இல்லையாம், அது அவனோட பாவத்துக்குப் பரிகாரமாம்.

இந்த இடத்துலதான் எனக்குக் கோபம். நான் எஸ்.பி.எம். மட்டும் படிச்சவன், பண்டிதன் இல்லை. ஆனா முப்பது வருஷமா கோயில் வாசல்ல நிக்கிறேன். பரிகாரம்னா செய்யணும். நடக்கணும், சுமக்கணும், கொடுக்கணும், யாருக்குக் கெடுதல் பண்ணினோமோ அவங்க முகத்தைப் பார்க்கணும். தூங்கி எழுந்தா கழியற பாவம் எந்த ஊர்லயும் இல்லை.

"ஏன், விசாரணையில சாட்சி சொன்னானே, அந்தக் குடும்பமே நிர்வாகத்தை விட்டு விலகிச்சே"ன்னு கேப்பீங்க. சரி, நியாயம். நானும் அந்தக் காட்சியைக் குறை சொல்லலை. உண்மையான பரிகாரம் அதுதான். அப்போ அந்தக் கதையைச் சொல்லியிருக்கணும்! இத்தனை வருஷம் ஏன் பேசலை, யாருக்குப் பயந்தான், ராத்திரி தூங்கினானா? இதையெல்லாம் விட்டுட்டு, பதினைந்து பாகம் கனவுக்கு, ஒரே ஒரு பாகம் பரிகாரத்துக்கு. எங்க லைன்ல பதினைந்து ஸ்டேஷன் சரியாப் போயி, பேக்கிங்ல தப்பு லேபிள் ஒட்டினா மொத்த லாட்டும் ரிஜெக்ட்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு சொல்லிடறேன். அந்த நாடகத்துல வர்ற 1997 நெருக்கடி நம்ம ஊருக்கும் வந்ததுதான். கொரியாக்காரங்க கல்யாண மோதிரத்தைக் கூட நாட்டுக் கடனுக்காகக் கொடுத்தாங்க. இங்கே 1998 செப்டம்பர்ல ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80ன்னு கட்டி வச்சாங்க. நான் அப்போ பிறையில ஒரு தொழிற்சாலையில லைன் லீடர். மேலே இருந்து ஒரு தாள் வந்தது. "உன் லைன்ல ஆறு பேரைக் குறிச்சுக் கொடு." குறிச்சேன். யார் வீட்டுல எத்தனை பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குறிச்சேன். என் வேலை நின்னுச்சு. பிறகு நான் சூப்பர்வைசரும் ஆனேன்.

அந்த ஆறு பேர்ல ஒரு அண்ணன் பல வருஷம் கழிச்சு நம்ம கோயிலுக்கு வந்தார். ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்து, "உங்க பேரைக் குறிச்சது நான்தாண்ணே"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. டீயைக் குடிச்சார், எழுந்து போனார். மூணு மாசம் என் பக்கமே திரும்பலை. அந்த மூணு மாசம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். கனவுல சொல்லியிருந்தா எவ்வளவு சுலபம்!

"எதார்த்தமா முடிச்சிருக்காங்க"ன்னு சிலர் சொல்றாங்க. செத்தவன் பணக்காரன் வீட்டுல பிறக்கறான்னு தொடங்கின கதைக்குக் கடைசி ஒரு மணி நேரத்துல மட்டும் எதார்த்தம் எதுக்கு? மூலக் கதையா வந்த இணைய நாவல்ல டோ-ஜுன் சாகலை, திரும்பியும் வரலை, சூன்யாங்கை ஜெயிச்சுட்டுத்தான் முடிக்கிறான். தொலைக்காட்சிக்கு வந்ததும், தொழிலாளி மகன் கனவுல மட்டும் முதலாளி ஆனாப் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க போல.

கடைசி பாகத்துக்கு நாடு முழுக்க 26.9 விழுக்காடு பார்வையாளர்கள். அத்தனை பேர் அந்தப் பையன் ஜெயிக்கறதைப் பார்க்க உக்காந்திருந்தாங்க. ஜெயிக்க வைக்க முடியலைன்னா தோக்கவாவது விட்டிருக்கலாம். டோ-ஜுனாவே தோத்திருந்தா நான் அழுதுட்டு ஏத்துக்கிட்டிருப்பேன். தோத்தாலும் வாழ்ந்த வாழ்க்கை வாழ்ந்ததுதான். வாழவே இல்லைன்னு சொன்னதைத்தான் என்னால தாங்க முடியலை.

தங்கச்சி, இதான் என் பதில். திட்டணும்னா தாராளமாத் திட்டுங்க, ஆனா சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கோயிலுக்கு வந்து திட்டுங்க. பிரகாரம் கழுவ ஆள் பத்தலை. துடைப்பம் நான் தர்றேன்.